உப்பு முதலில், மரபணு பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் படித்து முடித்து, ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையில் சேரப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். மிகவும் மகிழ்ச்சி. சென்னையிலும் வேலூரிலும் சந்தேகம் வந்தால் கேட்க நாலு பேர் இருப்பார்கள், ஆய்வகமும் பக்கத்திலேயே இருக்கும். நீ போகிற இடத்தில் இந்தத் துறைக்கு நீ ஒருவன்தான். உன்னைப் போல் ஊர்ப்பக்கம் போகிற மற்ற இளம் மருத்துவர்களும் படிக்கட்டும் என்று இதைப் பொதுக் கடிதமாகவே எழுதுகிறேன்.

அரிய மரபணு நோய் என்றதும் நம்மவர்கள் பேச்சை மரபணுப் பரிசோதனையில் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மரபணு அறிக்கை வரத் தாமதமாகி நம்மிடம் குழந்தை இறப்பது அபூர்வம். முதல் ஒரு மணி நேரத்தில் யாருக்கும் சந்தேகம் வராததால்தான் இறக்கிறது.

ஒரே ஒரு நோயை வைத்துச் சொல்கிறேன். பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி. வார்டில் சி.ஏ.எச். என்போம். சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு, கார்ட்டிசாலும் ஆல்டோஸ்டிரோனும் தயாரிக்க 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதியின் மரபணு பழுதானால் இரண்டு ஹார்மோன்களும் குறைகின்றன. பிட்யூட்டரி விடாமல் தூண்டுகிறது, அட்ரினல் பெருக்கிறது, தேங்கிய மூலப்பொருள் ஆண் ஹார்மோன்களாக மாறுகிறது. ஆல்டோஸ்டிரோன் இல்லாததால் உடலின் உப்பு சிறுநீரில் போய்விடுகிறது. உனக்குத் தெரியாததில்லை. இந்தக் கடிதம் எங்காவது ஒரு பெற்றோர் கையிலும் கிடைக்கலாம் என்பதால் விளக்கமாகச் சொன்னேன்.

பெண் குழந்தையானால் பிறப்புறுப்பின் தோற்றம் பிறந்த அன்றே நம்மை எச்சரித்துவிடும். ஆண் குழந்தைக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. பார்க்க நன்றாக இருப்பான், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போவான். இரண்டாவது வாரத்தில் பால் குடிக்க மறுப்பான், வாந்தி எடுப்பான், எடை இறங்கும். துவண்ட குழந்தையோடு ஓடி வருவார்கள். பணியில் இருப்பவர் செப்சிஸ் என்று எழுதி ஆன்டிபயாடிக் தொடங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது, பத்தில் ஒன்பது தடவை அவர் எழுதியதுதான் சரி. அந்தப் பத்தாவது குழந்தைக்காகத்தான் உன்னை அங்கே அனுப்புகிறார்கள்.

அப்போது நீ பார்க்க வேண்டியது ரத்தத்தின் உப்பு அளவுகளை. சோடியம் இறங்கியும் பொட்டாசியம் ஏறியும் இருந்தால், நிரூபணமாகும் வரை அதை அட்ரினல் நெருக்கடி என்றே வைத்துக்கொள். இரைப்பையின் கீழ்வாய் சுருங்கி அடைத்துக்கொண்ட குழந்தையும் இதே வயதில் வாந்தி எடுக்கும். ஆனால் அங்கே பொட்டாசியம் குறையும், ரத்தத்தில் காரத்தன்மை ஏறும். இங்கே பொட்டாசியம் கூடும், அமிலத்தன்மை ஏறும். முலைக்காம்பைச் சுற்றியும் விதைப்பையிலும் தோல் கறுத்திருக்கிறதா என்று பார். வீட்டில் தாத்தாவின் நிறம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிறகு தாயிடம் தனியாக, மெதுவாக ஒரு கேள்வி கேள்: இதற்கு முன் பிறந்த குழந்தை ஏதாவது தவறியதா? 'ஆமா டாக்டர், இருபது நாள்ல பால் குடிக்காம போயிட்டான்' என்று பதில் வந்தால் உன் கை வேகமாக இயங்க வேண்டும்.

வேகமாக இயங்கினாலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் ஊசிக்கு முன் இரண்டு மூன்று மில்லி ரத்தம் எடுத்து வை. 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன், கார்ட்டிசால், முடிந்தால் ரெனின். ஹைட்ரோகார்ட்டிசோன் உள்ளே போன பிறகு எடுக்கும் ரத்தம் எதையும் தெளிவாகச் சொல்லாது. வருடக்கணக்கில் 'இருக்கலாம்' என்ற சந்தேகத்திலேயே அந்தக் குழந்தை வளரும். ஆனால் நரம்பு கிடைக்கவில்லை, ரத்தம் வரவில்லை என்றால் அதற்காக மருந்தை நிறுத்தி வைக்காதே. சலைன் கிலோவுக்கு 20 மில்லி, சர்க்கரை குறைந்திருந்தால் டெக்ஸ்ட்ரோஸ், ஹைட்ரோகார்ட்டிசோன் 25 மில்லிகிராம் ஒரே தவணையாக. நரம்பு கிடைக்காவிட்டால் தொடைத் தசையில் போடு. பொட்டாசியத்தைக் கண்டு பயந்து இன்சுலின் கொடுக்க யாராவது கிளம்பினால் தடுத்து யோசிக்கச் சொல். கார்ட்டிசால் இல்லாத குழந்தைக்குச் சர்க்கரை ஏற்கெனவே விளிம்பில் நிற்கும். பெரும்பாலும் சலைனும் ஹைட்ரோகார்ட்டிசோனுமே பொட்டாசியத்தை இறக்கிவிடும். ஈ.சி.ஜி.யை மட்டும் கண்காணித்துக்கொண்டிரு.

இது அரிய நோய் என்பதையும் நம் ஊரில் கொஞ்சம் நிதானித்தே சொல்ல வேண்டும். உலக அளவில் ஏறத்தாழ 15,000 பிறப்புகளில் ஒன்று என்பார்கள். ஐ.சி.எம்.ஆர். ஐந்து நகரங்களில் லட்சம் பச்சிளம் குழந்தைகளின் குதிகால் ரத்தத்தைப் பரிசோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் 5,762க்கு ஒன்று என்று வந்தது. சென்னையில் மட்டும் 2,036க்கு ஒன்று. எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்யும் திட்டம் நாடு முழுவதற்கும் இன்னும் இல்லை. வரும்வரை உன் சந்தேகம்தான் பரிசோதனை.

பெண் குழந்தைகளின் விஷயத்தில் வேறு வகை நிதானம் வேண்டும். பிரசவ அறை வாசலில் பாட்டி நிற்பார். 'ஆணா, பெண்ணா?' என்பார். தோற்றத்தைப் பார்த்து ஊகித்து எதையும் சொல்லாதே. 'குழந்தை நன்றாக இருக்கிறது. பிறப்புறுப்பு முழுமையாக வளரவில்லை, அதனால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சில பரிசோதனைகள் செய்து சொல்கிறோம்' என்று சொல். விதைகள் தட்டுப்படுகின்றனவா என்று இரண்டு பக்கமும் தொட்டுப் பார். ஆண் போலத் தோன்றும் குழந்தைக்கு இரண்டு பக்கமும் ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால், அது கருப்பையோடு பிறந்த சி.ஏ.எச். பெண் குழந்தையாக இருக்கலாம். உப்பு அளவை அன்றே பார்க்கத் தொடங்கு. பிறப்பைப் பதிவு செய்ய 21 நாள் அவகாசம் உண்டு. அவசரப்பட்டு யாரும் எதையும் எழுத வேண்டாம் என்று பதிவு செய்பவரிடமும் சொல்லி வை. குழந்தையைச் சுற்றி மாணவர்கள் கூடி நின்று படம் எடுப்பதை நீ அனுமதிக்கவே கூடாது. அந்தத் தாய் வாழ்நாள் முழுவதும் அதை மறக்க மாட்டாள்.

அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்பார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இடைப்பாலினக் குழந்தைகளுக்குச் செய்யப்படும் பால் மாற்று அறுவைகளைத் தடை செய்யச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி தடை என்று தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. அந்த ஆணையை முழுதாகப் படித்து வைத்துக்கொள். பெற்றோரின் பதற்றம் நியாயமானது. ஆனால் அதைத் தணிப்பதற்குக் குழந்தையின் உடலில் கத்தி வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பேசு, திரும்பத் திரும்பப் பேசு.

இனி மரபணு. 21-ஹைட்ராக்சிலேஸின் மரபணுவான CYP21A2 என்பதைச் 'சிப் ட்வென்ட்டி ஒன்' என்று வார்டில் சொல்வோமே, அது ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே வேலை செய்யாத ஒரு போலி மரபணு இருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட 98 சதவீதம் ஒன்று போலவே இருக்கும்; பெற்றவளே குழம்பிப்போகும் இரட்டையர் மாதிரி. பெரும்பாலான பழுதுகள் போலியிலிருந்து அசலுக்குத் தாவியவை. அதனால் சாதாரண மரபணுத் தொகுப்புப் பரிசோதனையில் இது தவறிப்போகலாம், இல்லாததைக் காட்டவும் செய்யலாம். அனுப்புவதற்கு முன் ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்து, போலியை எப்படிப் பிரிக்கிறீர்கள், நீக்கங்களைக் கண்டுபிடிக்கத் தனிப் பரிசோதனை உண்டா என்று கேள். பதில் திருப்தி தராவிட்டால் அந்தக் குடும்பத்தின் பணத்தைச் செலவழிக்க வைக்காதே. சிகிச்சையைத் தொடங்க இந்த அறிக்கை தேவையே இல்லை. அடுத்த கர்ப்பத்துக்கு ஆலோசனை சொல்லத்தான் தேவை. அதற்குப் பெற்றோர் இருவரின் ரத்தமும் வேண்டும்.

மரபணுவை உடனே தேட வேண்டிய நோயும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்த குழந்தையை டைப் 1 என்று எழுதி இன்சுலினோடு விட்டுவிடாதே. பீட்டா செல்லின் பொட்டாசியம் சேனல் மூட மறுப்பதால் வரும் நோயாக அது இருக்கலாம். எக்ஸெட்டரில் ஆண்ட்ரூ ஹேட்டர்ஸ்லியின் குழு 2004இல் KCNJ11 மரபணுவில் இதைக் கண்டது. 2006இல் அந்த வகை நோயாளிகள் 49 பேருக்கு சல்ஃபோனைல்யூரியா மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், 44 பேர் இன்சுலினை விட்டார்கள். நம் சர்க்கரை நோயாளிகள் விழுங்கும் அதே பழைய கிளிபென்கிளமைடு! சென்னையில் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனில் இந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். தினமும் நாலு ஊசியா, மாத்திரையா என்பதை இங்கே மரபணுதான் முடிவு செய்கிறது. எந்த நோய்க்கு அது உடனே வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம் என்று பிரித்தறிவதுதான் நம் படிப்பு.

மறுபடி சி.ஏ.எச்.சுக்கு வருகிறேன். அதன் மரபணு முடிவைச் சொல்லும் அன்று தாயையும் தந்தையையும் சேர்த்து உட்கார வை. 'பழுதான மரபணு உங்கள் இருவரிடமிருந்தும் ஆளுக்கு ஒரு பிரதியாக வந்திருக்கிறது. இருவருக்கும் இதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இந்த நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு' என்று தந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல். முடிந்தால் மாமியாரும் கேட்கும்படி சொல். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போனதும் பழி முழுவதும் மருமகள் தலையில் விழும். நம் மாநிலத்தில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் சொந்தத்துக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. மாமன் மகளைக் கட்டியதால் வந்தது என்று குத்திக்காட்டி என்ன பயன்? அன்னியத்தில் கட்டியவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. அடுத்த கர்ப்பத்துக்கு முன் உன்னை வந்து பார்க்கச் சொல், அது போதும். 1950இல் பால்டிமோரில் லாசன் வில்கின்ஸும் பாஸ்டனில் ஃபிரடெரிக் பார்ட்டரும் கார்ட்டிசோன் கொடுத்துப் பார்க்கும் வரை இந்த நோய்க்கு மருந்தே இல்லை. இன்று மருந்து உண்டு, குழந்தை பள்ளிக்குப் போகும், பெரியவளாகிக் கல்யாணமும் செய்துகொள்ளலாம் என்று அந்த அறையிலேயே சொல். வெளியே போகும்போது அந்தக் குடும்பத்தின் காதில் அதுதான் ஒலிக்க வேண்டும்.

அடுத்து, மருந்தை வீட்டில் கொடுக்கும் கலை. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், மூன்று வேளையாக. நமக்குக் கிடைப்பது பெரியவர்களுக்கான மாத்திரை. அதைத் துண்டாக்கவும் பொடித்துப் பிரிக்கவும் தாய்க்கு உன் முன்னாலேயே செய்து பழக்கு. ஃப்ளூட்ரோகார்ட்டிசோனும் உண்டு. முதல் வருடம் தினமும் ஒன்றிரண்டு கிராம் உப்பு, பீய்ச்சிய பாலில் கலந்து பல தடவையாக. 'பச்சைக் குழந்தைக்கு உப்பா' என்று வீட்டுப் பெரியவர்கள் நிறுத்திவிடுவார்கள், அதனால் அவர்களையும் வரச் சொல்லி விளக்கு. ஹைட்ரோகார்ட்டிசோன் இல்லை என்று மருந்துக் கடையில் டெக்ஸாமெத்தசோனை மாற்றிக் கொடுத்தால் வாங்கக் கூடாது என்று சீட்டிலேயே எழுது. அது வளர்ச்சியை அமுக்கும், உப்பையும் காக்காது. 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன் அளவை முழுதாக இயல்புக்குக் கொண்டுவர முயலாதே. அப்படி வந்தால் மருந்து கூடிவிட்டது என்று பொருள், பிள்ளை குள்ளமாகும், பருக்கும். குறைத்தால் ஆண் ஹார்மோன் ஏறி, எலும்பு சீக்கிரம் முதிர்ந்து, அப்போதும் குள்ளமாகும். உயரக் கோட்டை நீயே உன் கையால் வரை.

காய்ச்சல் வந்தால் மருந்து இரண்டு மூன்று மடங்கு. வாந்தியில் மாத்திரை நிற்காவிட்டால் தொடையில் ஊசி. அந்த ஊசியைப் போட ஒவ்வொரு தாய்க்கும் தந்தைக்கும் கற்றுக்கொடு. அளவும் உன் தொலைபேசி எண்ணும் எழுதிய தமிழ்ச் சீட்டு ஒன்றை அவர்கள் பையிலேயே வைத்திருக்கட்டும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினாலும் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுது.

நீ அங்கே போனதும் முதல் வேலையாகப் பச்சிளம் குழந்தைப் பிரிவின் அவசர மருந்துத் தட்டைத் திறந்து பார். 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் குப்பி அதில் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பார். இல்லை என்றால் அன்றே மருந்தகத்துக்கு எழுது, இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் சகோதரிகளிடம் எங்கே வைத்திருக்கிறாய் என்று காட்டிவிட்டு வீட்டுக்குப் போ.

அன்புடன்,
உன் மூத்த மருத்துவர்