“இன்று மட்டும்தான் இந்த விலை!”

ஜாலான் புசாரில் விளக்கு, குழாய், குளியலறைப் பொருள்கள் விற்கும் கடைகள் பல உள்ளன. புது வீட்டுக்குப் பொருள் வாங்கப் போகிறவர்களை விற்பனையாளர் சிலர் விடமாட்டார்கள். “அம்மா, நாளைக்கு இந்த விலை கிடையாது. இப்போதே முன்பணம் கட்டிவிடுங்கள்!”

இதை வெறும் பேச்சுத் திறமை என்று விட்டுவிடலாமா? சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டம், நியாயமற்ற செயல்களைப் பட்டியலிடுகிறது. வெகுநாள் நீடிக்கும் என்று தெரிந்தும், தள்ளுபடி இன்றோடு முடிகிறது எனச் சொல்வது அவற்றுள் ஒன்று. அளவுக்குமீறி வற்புறுத்துவது மற்றொன்று.

ஆனால், மனம் மாறியதற்காக மட்டும் முன்பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. வீடு தேடி வந்து விற்பவரிடம் செய்த ஒப்பந்தத்தைப் பொதுவாக ஐந்து வேலைநாள்களுக்குள் ரத்து செய்யலாம். நாமே கடைக்குப் போய் வாங்கினால் அந்த உரிமை இல்லை.

எனவே, பணம் கட்டுமுன் கேளுங்கள்: “இந்த விலை எந்தத் தேதிவரை? எழுதித் தருகிறீர்களா?” அவர் தயங்கினால் அடுத்த கடைக்குப் போகலாம், அது பக்கத்திலேயே இருக்கும்!

ஏமாற்றப்பட்டவர் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளிவரை கோரலாம். அங்கு வழக்கறிஞர் வாதாட முடியாது. வாங்கியவரே ரசீதைக் காட்டிப் பேச வேண்டும்.