பழைய பெயருக்கும் விலை உண்டு

வியாபாரத்தில் முதல் என்றால் காசு, சரக்கு, கடையறை என்று மூன்றைத்தான் நாம் எண்ணுகிறோம். கடையின் பெயரை யாரும் ஐந்தொகையில் எழுதுவதில்லை. ஆனால் ஊர் மறந்துபோன ஒரு பழைய வாசனைக் கடையின் பெயரைத் தூசு தட்டி எடுத்து, ஏழே வருடங்களில் அதை உலகின் மிகப் பெரிய ஆடம்பரப் பொருள் நிறுவனம் வாங்கும் அளவுக்கு வளர்த்திருக்கிறார்கள், பாரிஸில் ஒரு கணவனும் மனைவியும். அவர்கள் செய்ததில் நமக்குப் பாடம் இருக்கிறது.

அந்தப் பெயருக்கு உரியவர் ஜோன் வன்சோன் புல்லி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் வாசனைத் திரவியம் விற்றவர். அவருக்குப் பெயர் தேடித் தந்தது ஒரு வினாகிரி. சமையலுக்கல்ல, பூவும் மூலிகையும் வாசனைப் பொருட்களும் சேர்த்து, முகம் கழுவவும் உடம்பில் பூசவும் தயாரித்தது. 1830ஆம் ஆண்டு ஜூலைப் புரட்சியில் அவரது கடை சூறையாடப்பட்டு, மனிதர் நொடிந்துபோனார். ஆனால் சரக்கு நல்ல சரக்கு. ஆகவே அவர் வீழ்ந்த பிறகும் வேறு கைகள் அவர் பெயரிலேயே அந்த வினாகிரியை நெடுங்காலம் விற்றன. காலம் மாறியதும் அதுவும் மறைந்தது.

பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக் 1837இல் வெளியிட்ட ‘செசார் பிரோத்தோ’ என்ற நாவலுக்குத் தூண்டுகோல் இந்தப் புல்லிதான் என்று சொல்லப்படுகிறது. அதன் நாயகனும் வாசனை வியாபாரி. தெரிந்த தொழிலோடு நிற்காமல் கடன்பட்டுக் காணி வியாபாரத்தில் இறங்குகிறான். பணத்தை வைத்திருந்த நொத்தாரிசு ஓடிவிட, முறிந்துபோகிறான். பிறகு அவனும் வீட்டாரும் கூலிக்கு வேலை செய்து, கடன்காரர் ஒவ்வொருவருக்கும் கடைசிச் சல்லி வரை கொடுத்துத் தீர்க்கிறார்கள். சட்டம் அவ்வளவு கேட்கவில்லை. அவன் பெயருக்காகக் கொடுத்தான். பெயர் என்பது பலகையில் எழுதும் எழுத்தல்ல, கொடுக்கல் வாங்கலில் சேர்வது என்பதை வியாபாரிக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

2014இல் ரம்தான் துஹாமி என்பவரும் அவர் மனைவி விக்துவார் த தையாக்கும் இந்தப் பெயரைக் கையிலெடுத்தார்கள். மொரொக்கோ வம்சாவளிப் பிரெஞ்சுக்காரரான துஹாமி, 1643இல் வேர்கொண்ட ‘த்ருடோன்’ என்ற மெழுகுதிரி நிறுவனத்துக்குப் புதுமெருகு கொடுத்தவர்களில் ஒருவர். பெயரிலிருந்த இரண்டு ‘எல்’ எழுத்துகளில் ஒன்றைக் குறைத்து, ‘ப்யூலி 1803’ என்று பாரிஸின் பொனபார்ட் வீதியில் கடை திறந்தார்கள். மர அலுமாரி, பழங்கால மேசை, பீங்கான் ஜாடி. வாங்குபவரின் பெயரை அழகிய கையெழுத்தில் எழுதி ஒட்டித்தரும் பணியாளர்கள். உள்ளே நுழைந்தவருக்கு இருநூறு வருடத்துக் கடை என்று தோன்றும்.

ஆனால் அவர்கள் பழைய வினாகிரியை மட்டும் நம்பி இருக்கவில்லை. முக்கியச் சரக்காக அவர்கள் கொண்டுவந்தது ‘ஓ ட்ரிப்ள்’ என்ற சென்ட் வரிசை. சாதாரண சென்ட் அற்ககோலில் கரைத்தது. இது தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது. எண்ணெய்ச் சத்து தண்ணீரில் தானாகக் கரையாது; நுண்ணிய துளிகளாகக் கலந்து நிற்கும். அதனால்தான் அந்தத் திரவம் பால் போலக் கலங்கலாக இருக்கிறது. அற்ககோல் போல் குப்பென்று பரவாது, தோலில் எரிச்சல் தராது, உடம்போடு ஒட்டி மெதுவாக மணக்கும். அவர்கள் இதை விற்றது தோலுக்கு இதம் என்று சொல்லித்தான். ஆனால் அற்ககோல் இல்லாத சென்ட் தேடும் வாடிக்கையாளர் நம்மிடம் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, அந்தப் போத்தல்களில் ஆணுக்கு, பெண்ணுக்கு என்ற பிரிவு இல்லை. இது புதுமை போலத் தெரிந்தாலும் பழைய வழக்கம்தான். காய்ச்சல் வந்தால் நம் வீடுகளில் நெற்றியில் தடவும் ஓடிகொலோன், நெப்போலியன் தாராளமாகப் பூசியது, பெண்களும் பூசினார்கள். என் கடையில் ரோஜா அத்தர் வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சென்டை இரண்டாகப் பிரித்தது பெரும்பாலும் பிந்திய கால விளம்பரம்.

கணக்காகப் பாருங்கள். பத்து வாசனையை ஆணுக்குப் பத்து, பெண்ணுக்குப் பத்து என்று வைத்தால் இருபது வகை இருப்பு. இருபதிலும் முதல் முடங்கும். எல்லோருக்கும் பொது என்றால் பத்து வகை போதும். புருஷனும் மனைவியும் ஒரே போத்தலைப் பாவிப்பார்கள். அன்பளிப்பு வாங்குபவருக்கும் குழப்பமில்லை. 2021இல் எல்விஎம்எச் நிறுவனம் ப்யூலியை முழுதாக வாங்கிக்கொண்டது.

இதிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று: பழைய பெயர் வாடிக்கையாளரைக் கடைக்குள் கூட்டி வரும்; திரும்ப வரவைப்பது சரக்கு. ப்யூலியில் பெயர் பழையது, சரக்கு புதியது. இரண்டும் சேர்ந்ததால்தான் கடை நின்றது.

இரண்டு: பழமையைச் சொல்லும்போது உள்ளதைச் சொல்ல வேண்டும். 1803 என்று பலகையில் இருந்தாலும், கடை அன்று முதல் இன்று வரை தொடர்ந்து நடந்ததல்ல. இடையில் மூடிக்கிடந்ததை மறைத்து “பரம்பரைக் கடை” என்று விற்றால், அது நிறுவையில் கைவைப்பதற்குச் சமம்.

மூன்று: பெயரைக் காப்பாற்றுங்கள். வாப்பா நாற்பது வருடம் நாணயமாக நடத்திய கடையைப் பொறுப்பெடுக்கும் மகன் செய்யும் முதல் வேலை, பெயர்ப்பலகையை மாற்றுவது. அல்லது சகோதரர்கள் பிரியும்போது அறையைப் பங்கிடுகிறார்கள், சரக்கைப் பங்கிடுகிறார்கள்; பெயரை யாரும் கேட்பதில்லை. பிறகு மூன்றாவது ஆள் அதே பெயரில் எதிரே கடை போட்டதும் சண்டை. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி வியாபாரக் குறியைப் பதிவு செய்யலாம். பதிவு பத்து வருடத்துக்குச் செல்லும், மேலும் புதுப்பிக்கலாம்.

உங்கள் கடைப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? தெரியாவிட்டால், இந்த வாரமே பழைய கோப்பை எடுத்துப் பாருங்கள்.