படம் பள்ளிக்கு வெளியே போகும்போது

அறிவியல் பாடத்துக்குக் கம்போங் குவாந்தான் மின்மினிகளின் படம் தேடும் ஆசிரியருக்குக் கூகள் நொடியில் பக்கம் பக்கமாகக் காட்டிவிடும். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் ஒளி பூத்திருக்கும் அந்தக் காட்சியைப் படமாக்குவது எளிதல்ல. கும்மிருட்டில் கேமராவை அசையாமல் நிறுத்தி, ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்திருக்க வேண்டும். பிளாஷ் அடித்தால் பூச்சிகளுக்குத் தொல்லை. எடுத்தவருக்கு அது உழைப்பு, சிலருக்கு அதுவே பிழைப்பு. இணையத்தில் கிடைத்துவிட்டதால் மட்டும் அந்தப் படம் ஊர்ச்சொத்து ஆகிவிடாது.

அதற்காக ஆசிரியர்கள் அஞ்சி ஒதுங்கவும் வேண்டாம். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 13ஆம் பிரிவில் கற்பித்தலுக்கு இடம் தந்திருக்கிறது. பாடத்தை விளக்கப் பிறர் படைப்பைக் காட்டலாம். பயன்பாடு நியாயமாக இருக்க வேண்டும், மூலமும் படைத்தவர் பெயரும் குறிக்கப்பட வேண்டும். தேர்வு வினா தயாரிக்கவும் விலக்கு உண்டு. நியாயத்தை அளக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நான்கு கேள்விகளைத் தருகிறது: நோக்கம் வணிகமா, இலாபம் கருதாத கல்வியா? படைப்பு எத்தகையது? எவ்வளவு எடுத்தீர்கள்? உரியவரின் வருமானம் அதனால் பாதிக்கப்படுமா?

வகுப்பில் திரையில் காட்டும் படம் இந்தக் கேள்விகளைப் பெரும்பாலும் தாண்டிவிடும். சிக்கல் அதன் பிறகுதான். அதே படவில்லை ஆசிரியர்களின் புலனக் குழுவுக்குப் போகிறது, அங்கிருந்து டெலிகிராமுக்கு, பிறகு யூடியூபுக்கு. கைமாறும்போது எடுத்தவர் பெயர் உதிர்ந்துபோகிறது. கடைசியில் யாரோ அதைப் பயிற்சி நூலில் அச்சிட்டு விற்கிறார். அனுமதியின்றிப் பிரதி எடுத்து விற்பது குற்றம். ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே வகுப்புக்கு ஒரு கோப்பு, வெளியே பகிர இன்னொரு கோப்பு என வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் உரிமம் தெளிவாக உள்ள படம் மட்டும் இருக்கட்டும்.

அத்தகைய படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ் நல்ல இடம். கூகள் படத் தேடலிலும் பயன்பாட்டு உரிமை வடிகட்டி உண்டு. அதில் கிரியேட்டிவ் காமன்ஸைத் தேர்ந்தெடுங்கள். வடிகட்டியை மட்டும் நம்பாமல் மூலப் பக்கத்துக்குப் போய் உரிமத்தைப் படியுங்கள். ‘பிஒய்’ என்றால் பெயர் போட வேண்டும், ‘என்சி’ என்றால் வணிகத்துக்கு ஆகாது, ‘என்டி’ என்றால் திருத்திய படத்தைப் பகிரக் கூடாது. பெயரைப் படத்தின் அடியிலேயே போட்டுவிடுங்கள். கடைசிப் படவில்லையில் போட்டால் பகிரும்போது தொலைந்துவிடும்.

இதைவிட நல்ல வழி, நீங்களே எடுப்பது. புக்கிட் மெலாவத்தியில் லுத்தோங் குரங்கும் கலங்கரை விளக்கமும், செகிஞ்சானில் வயல், பள்ளி வேலிக்கு அப்பால் செம்பனைக் குலை. பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருள் படத்தில் வரும்போது பாடம் மனத்தில் நிற்கும் என்பது என் உறுதியான கருத்து. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையைப் படமெடுக்கவும் சட்டம் தடை போடவில்லை.

பழைய தோட்டப் படங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். லயத்து வீட்டில் மாட்டியிருக்கும், தாத்தா பால் வெட்டும் கறுப்பு வெள்ளைப் படம் வரலாற்றுப் பாடத்துக்குப் பொக்கிஷம். ஆனால் படம் வீட்டில் இருப்பதால் மட்டும் பதிப்புரிமையும் வீட்டாருடையது என்றாகாது. ஸ்டூடியோவில் காசு கொடுத்து எடுக்கச் சொன்னதென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை எடுக்கச் சொன்னவருக்கே. பொதுவாக அது படைத்தவரின் ஆயுளோடும் அதன் பின் 50 ஆண்டோடும் நீடிக்கும். சட்டம் எப்படியிருந்தாலும், அந்த வீட்டுப் பெரியவரிடம் கேட்காமல் பள்ளி இதழில் போடாதீர்கள். மாணவர் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோர் சம்மதமும் அப்படியே.

உங்கள் சொந்த நேரத்தில், சொந்தக் கேமராவில் எடுத்த நல்ல படங்களை, முகங்கள் இல்லாதவற்றை, ‘பிஒய்’ உரிமத்தோடு விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றி, விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள். ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் பாடம் நடத்தும் ஆசிரியர் அவற்றைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளட்டும்.