பிள்ளையைப் பார்த்தோம், பெற்றவளைப் பார்த்தோமா?



லயத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் தொங்கலே வந்து எட்டிப் பார்க்கும். "மூக்கு அப்பன் மாதிரி" என்போம். நல்லதுதான். ஆனால் மூலையில் படுத்திருப்பவளிடம் "நீ எப்படி இருக்கே புள்ள?" என்று கேட்பவர் எத்தனை பேர்? அதைத்தான் இம்முறை நாம் படிக்கப் போகிறோம்.

கோமாரியில் நடந்தது

நம் தோட்டத்துப் பெண் ஒருத்தி பொத்துவிலுக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள கோமாரிக்கு வாக்கப்பட்டுப் போனாள். தலைப்பிள்ளை பிறந்தது. முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிவுக்குப் போன தாய்க்காரிக்கு மகளைப் பார்த்ததும் பகீரென்றது. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. பிள்ளை அழுதாலும் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். மாமியார் "கண்ணூறு" என்றார். புருஷன் "சோம்பல்" என்றான். அங்கு வந்திருந்த பொத்துவில் முஸ்லிம் அக்கா ஒருவர் மட்டும், "இதை மிட்வைஃபுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டார். சொன்னார்கள். வைத்தியம் நடந்தது. இப்போது அவள் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டு நன்றாக இருக்கிறாள்.

மனசும் பச்சை உடம்புதான்

பிரசவமாகி மூன்று, நான்கு நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பல பெண்களுக்கு உள்ளதுதான். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் அது வருத்தம். சோம்பலும் இல்லை, பேயும் இல்லை. 1987ல் ஸ்கொட்லாந்தில் இதற்கென்றே 10 கேள்விகள் தயாரித்தார்கள். "எடின்பரோ" கேள்விகள் என்று பெயர். இலங்கையிலும் அவை பயன்படுகின்றன. கேட்கும்போது வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். சாக வேண்டும், பிள்ளையை ஏதாவது செய்ய வேண்டும் என்ற நினைப்பு வந்தால் ஒரு நிமிடமும் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மனநல உதவிக்கு 1926க்குக் கோல் எடுக்கலாம்.

உடம்பைப் பார்ப்பது

42 நாள் வரை தாய்க்குத் தனிக் கவனம் வேண்டும். வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸியிடம் பிள்ளையை மட்டும் காட்டி அனுப்பாதீர்கள், தாயையும் காட்டுங்கள்.

பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம். சரக்குக் கறி கொடுக்கலாம். அதோடு முட்டை, மீன், பருப்பு, கீரையும் வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையைச் சாயத் தண்ணியோடு விழுங்கக் கூடாது. தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள்.

இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்:

1. துணி நனைந்து ஊறும்படி இரத்தம் போதல்.
2. காய்ச்சல், கெட்ட வாடையுடன் கழிவு.
3. கடும் தலையிடி, கண் மங்கல், வலிப்பு.
4. மூச்சு வாங்குதல், நெஞ்சு நோவு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும்.

1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். காசு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1939ம் ஆண்டின் பிரசவ நன்மைகள் சட்டம் 2018ல் திருத்தப்பட்டது. அதன் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் லீவு உண்டு. பிரசவம் முடிந்து 4 வாரத்துக்குள் வேலைக்கு எடுக்கவே கூடாது. மலைக்குத் திரும்பிய பிறகும், பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை நாளுக்கு இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் தர வேண்டும். பிள்ளைக் காம்பரா இருந்தால் தடவைக்கு அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இது யாரும் இரங்கிக் கொடுப்பதல்ல, உங்கள் உரிமை.

தகப்பன்மாருக்கு

தண்ணீர் பிடிப்பதும், விறகு உடைப்பதும், துணி அலசுவதும் அந்த நாட்களில் உங்கள் வேலை. இரவில் ஒரு தடவை பிள்ளையை வாங்கித் தோளில் போடுங்கள். அவள் இரண்டு மணித்தியாலம் அயர்ந்து தூங்குவாள். அந்தத் தூக்கமும் ஒரு மருந்துதான்.

இன்று உங்கள் லயத்தில் பச்சைப் பிள்ளைக்காரி யாராவது இருக்கிறாளா? மாலையில் போய், பிள்ளையைப் பார்க்கும் முன் அவளைப் பாருங்கள். "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று கேளுங்கள். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள்.