கைக்குழந்தைக்கு மூக்கடைப்பா?

பிறந்த சில மாதங்கள் வரை குழந்தைகள் பெரும்பாலும் மூக்கு வழியாகவே சுவாசிக்கின்றன. அதனால் சிறிது சளி அடைத்தாலும் பால் குடிக்கத் திணறும், தூக்கமும் கெடும். சாதாரணச் சளி 10 முதல் 14 நாள்களில் தானாகவே குறையும்.

• பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு, வேறு மருந்து கலக்காத சலைன் சொட்டு மருந்தை ஒவ்வொரு நாசியிலும் 1 அல்லது 2 சொட்டு விட்டால் சளி இளகும்.

• சளியை உறிஞ்சும் ரப்பர் பல்பை முதலில் அழுத்திக்கொண்டு, நுனியை நாசி ஓரத்தில் வைத்து மெல்ல விட வேண்டும். அடிக்கடி உறிஞ்சினால் மூக்கின் உட்சவ்வு வீங்கி, அடைப்பு கூடும்.

• தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கலாம்.

• சாம்பிராணி, கொசுவர்த்தி, சிகரெட் புகை குழந்தை இருக்கும் அறைக்குள் வரக்கூடாது.

• மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். வாயால் ஊதுவது, கற்பூரம், தைலம் தடவுவது, ஆவி பிடிக்க வைப்பது, தேன் கொடுப்பது எல்லாமே ஆபத்து.

• தலையணை வைக்காமல், மல்லாந்தே படுக்க வைக்க வேண்டும்.

மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழிவிழுதல், உதடு நீலம் பாய்தல், பால் குடிக்க மறுத்தல், 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்குதல், 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.