முறையீடும் ஷுக்ரும்

ஸபா நாட்டாரின் வரலாற்றைத் திருமறை நமக்கு எடுத்துரைக்கின்றது. வலத்திலும் இடத்திலும் தோட்டங்கள், அடுத்தடுத்து ஊர்கள், இரவிலும் பகலிலும் அச்சமற்ற பிரயாணம். இவ்வளவும் பெற்றவர்கள் அல்லாஹ் தஆலாவிடம் கேட்டது என்ன? பயணத் தூரத்தைக் கூட்டித் தரும்படிக் கேட்டார்கள் (34:19). சௌகரியமே அவர்களுக்குச் சலித்துவிட்டது!

சகோதரர்களே, தாய்மார்களே! செழிப்பு வளர வளர முணுமுணுப்பும் வளர்வது ஸபாவோடு முடிந்த கதையன்று. நம்மவர் பல தலைமுறையாக வாழ்ந்துவரும் சிங்கப்பூரை எண்ணிப் பாருங்கள். 1961 மே 25-ல் புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப் பகுதியில் பற்றிய நெருப்பு ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. 1963-ல் வறட்சியினால் குழாய்த் தண்ணீருக்கே பங்கீடு. 1965 ஆகஸ்ட் 9-ல் அது தனிநாடாயிற்று. இன்றோ பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வசிக்கின்றனர். ஆனாலும் லிஃப்ட் நின்றால் கோபம். ரயில் பத்து நிமிடம் தாமதித்தால் பத்திரிகைக்குக் கடிதம்!

அப்படியானால் குறை கூறுவதே பாவமா? சிலர் அவ்வாறு போதிப்பதுண்டு, அது சரியன்று. தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறும் வசனமே (4:148) அநீதி இழைக்கப்பட்டவருக்கு விலக்கு அளிக்கிறது. கணவர் தம்மைத் தாய்க்கு ஒப்பிட்டு விலக்கிவிட்டார் என்று கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வாதாடினார்கள். அந்த முறையீட்டைச் செவியுற்றதாகக் கூறியே அல்லாஹ் ஓர் அத்தியாயத்தைத் தொடங்குகிறான் (58:1). அவரைக் கண்டித்து அதில் ஒரு சொல்லும் இல்லை.

எனவே, முறையிடுபவர் யார், எதற்காக என்பதையே பார்க்க வேண்டும். அந்த மாடிகளை எழுப்பும் கைகளில் தமிழகத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் சென்றவர்களின் கைகளும் உண்டு. 2020-ல் கொரோனா பரவியபோது அங்கே தொற்றுக்கு ஆளானவர்களில் மிகப் பெரும்பாலோர், விடுதிகளில் நெருக்கமாய்த் தங்கியிருந்த இத்தகைய தொழிலாளர்களே. அவர்களில் ஒருவருக்குக் கூலி மறுக்கப்பட்டால் அதை உரக்கச் சொல்லலாம். அவரால் சொல்ல இயலாவிட்டால் வசதியாக இருப்பவர் சொல்லட்டும். மனிதருக்கு நன்றி பாராட்டாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவனாகான் என்பதன்றோ ஹதீஸின் கருத்து!

ஷுக்ரு நாவோடு நிற்பதன்று. தாவூது நபி (அலை) குடும்பத்தாருக்கு அதைச் செயலில் காட்டும்படியே கட்டளை வந்தது (34:13). சிங்கப்பூரின் புதிய குடியிருப்புப் பேட்டைகளில் தொழ இடமில்லை என்ற குறை ஒரு காலத்தில் இருந்தது, நியாயமான குறைதான். 1975-ல் பள்ளிவாசல் கட்டும் நிதி தொடங்கியது. முஸ்லிம் ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சிறு தொகை அதில் சேர்ந்தது. அந்தக் காசுகளால் தோ பாயோவில் 1977-ல் முஹாஜிரீன் பள்ளிவாசல் எழுந்தது. அதன்பின் இன்றுவரை இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் எழுந்துள்ளன.