வெளியாகிவிட்டதா? – ஒரு கருவிக்கு விளக்கம் எழுதக் கற்றோம்

மழை விடுமுறையால் அரையாண்டுத் தேர்வு அட்டவணை மாறிய டிசம்பர் அது. திருத்திய அட்டவணை பள்ளி இணையதளத்தில் வந்துவிட்டது என்று பெற்றோர் குழுவுக்கு நானே செய்தி அனுப்பினேன். ஆனால் வரவில்லை. மறுநாள் கணிதத் தேர்வு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் தளத்தில் இருந்த பழைய அட்டவணையைப் பார்த்து ஆங்கிலத்துக்குப் படித்துவிட்டு வந்து நின்றார்கள்.

எங்கள் தளத்தைப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள் கிட்ஹப்பில் நடத்துகிறார்கள். சிறு திருத்தங்களை ஒரு செயற்கை நுண்ணறிவு முகவரிடம் விட்டிருந்தோம். கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நில்லாமல், நாம் கொடுக்கும் கருவிகளை இயக்கி வேலையையும் முடிக்கும் மென்பொருளைத்தான் முகவர் என்கிறார்கள். செய்த மாற்றம் தளத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அது பார்த்துக்கொள்ள, மாணவர்கள் பைத்தானில் ஒரு கருவி எழுதியிருந்தார்கள். அதற்கு நாங்கள் எழுதிய விளக்கம் ஒரே வரி: ‘தளத்தின் வெளியீட்டு நிலையைச் சொல்லும்.’

அன்று நடந்ததைப் பிறகு பதிவேட்டில் பார்த்தோம். முகவர் அட்டவணையை மாற்றி அனுப்பியவுடன் கருவியை இயக்கியிருக்கிறது. புதிய வெளியீடு அப்போது பதிவாகவே இல்லை. கருவியோ கடைசியாக இருந்த, முந்தின வாரத்து வெளியீட்டின் நிலையை எடுத்துக் கொடுத்துவிட்டது: ‘வெற்றி’. முகவர் அதை நம்பி, “வெளியாகிவிட்டது” என்று எனக்குச் சொன்னது. உண்மையில், தரவுக் கோப்பில் ஓர் இடைவெளி பிசகியிருந்ததால் தளத்தைத் தொகுக்கும் கட்டத்திலேயே வேலை நின்றுபோயிருந்தது. கைப்பேசியில் ஒருமுறை தளத்தைத் திறந்து பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலின் முதல் பாடத்தில், செயற்கூறின் இடைமுகம் வேறு, செயல்படுத்துதல் வேறு என்று நடத்துகிறோம். மாணவர்கள் இரண்டு மதிப்பெண் வினாவுக்காக அதை மனப்பாடம் செய்கிறார்கள். இங்கே அதற்கு உயிர் வந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் போன்ற முறைகளில், ஒரு கருவியைப் பற்றி முகவருக்குக் கிடைப்பவை அதன் பெயர், விளக்கம், என்ன உள்ளீடு தர வேண்டும் என்ற வடிவம் முதலியவைதான். உள்ளே இருக்கும் நிரலை அது பார்ப்பதில்லை. பக்கத்து மேசை ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பதுபோல் அதற்குக் கேட்க ஆளும் இல்லை.

எனவே விளக்கத்தை மாணவர்களையே திருத்தி எழுதச் சொன்னேன். முதலில் உள்ளீட்டை மாற்றினார்கள். கிட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 40 எழுத்து அடையாளக் குறி உண்டு. அந்தக் குறியைக் கொடுக்காமல் கருவியை இயக்க முடியாது என்று ஆக்கினார்கள். பழைய வெற்றி புதிய வெற்றியாகத் தோன்றும் வழி அதோடு அடைபட்டது. அடுத்தது நிலைச் சொற்கள். கிட்ஹப் ஒரு வெளியீட்டுக்கு 7 நிலைகளை வைத்திருக்கிறது. வரிசையில் உள்ளது, நடந்துகொண்டிருக்கிறது, தோல்வி என்று ஒவ்வொன்றுக்கும் பொருளை மட்டும் எழுதினார்கள். பொருள் போதாது, அதைப் பார்த்த பின் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதுங்கள் என்றேன். எழுதி முடித்ததில் ஒரு பகுதி:

‘மாற்றத்தை அனுப்பிய பிறகே இதை இயக்கவும். இது எதையும் வெளியிடாது; நிலையை மட்டும் பார்க்கும். “பதிவு இல்லை” என்று வந்தால் ஒரு நிமிடம் கழித்து மீண்டும் பார்க்கவும். 10 நிமிடம் ஆகியும் அப்படியே இருந்தால், “உறுதி செய்ய முடியவில்லை” என்று ஆசிரியரிடம் சொல்லவும். “வெற்றி” என்று வந்தால் மட்டும் வெளியானதாகச் சொல்லலாம். பக்கத்தில் உள்ள செய்தி சரியா என்பதை இக்கருவி அறியாது.’

10 நிமிடம் என்பது ஊகம் அல்ல. தளத்தில் மாற்றம் தெரிய அவ்வளவு நேரம் ஆகலாம் என்று கிட்ஹப்பே சொல்கிறது.

எழுதியது போதுமா என்று சோதிக்கக் கணினி தேவைப்படவில்லை. விளக்கம் எழுதாத ஒரு மாணவரை முகவராக உட்கார வைத்தோம். அவர் கையில் விளக்கத் தாள் மட்டும். எதிரே இருந்தவர் நிலைச் சொற்கள் எழுதிய சீட்டுகளை ஒவ்வொன்றாக நீட்டினார். தாளில் உள்ளபடி மட்டுமே முகவர் பதில் சொல்ல வேண்டும். பழைய ஒரு வரித் தாளோடு விளையாடியபோது ‘வரிசையில் உள்ளது’ என்ற சீட்டுக்கே, “முடிந்தது ஐயா” என்றார் அவர். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதிய தாளோடு, “காத்திருக்கிறேன் ஐயா” என்றார்.

கணினி இல்லாத வகுப்பிலும் இதை நடத்தலாம். ஐந்தாம் வகுப்பில், தபால் பெட்டியில் கடிதம் போடுவது எப்படி என்று ஒரு பிள்ளை எழுத, இன்னொரு பிள்ளை அதில் உள்ளதை மட்டும் செய்து காட்டலாம். தபால்தலை ஒட்டச் சொல்ல மறந்தது உடனே தெரிந்துவிடும்.

எங்கள் விளையாட்டில் கடைசிச் சீட்டு ‘செயலில் இல்லை’. முகவராக இருந்த மாணவர் தாளை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, இது கெட்டுப்போனதா, பழசாகிப்போனதா?” என்று கேட்டார். எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதைவிடப் புதிய வெளியீடு வந்து அதன் இடத்தைப் பிடித்துவிட்டது என்பதே பொருள் என்று தேடிக் கண்டுபிடித்து, அந்த வரியை அன்று மாலையே சேர்த்தார்கள்.